கடைசி வரியில் ஒரு வார்த்தை

"...மேல மூணு வரியும் எண்ணிப் பாரு நைனா, நாலு நாலா நிக்குது. கடைசி வரில மட்டும் மூணு. ஒரு வார்த்த வுட்டுப்போச்சு. அது இன்னான்னு தெரியாம இத நான் அச்சுல ஏத்த வுட மாட்டேன், ஆமா" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நானும் அப்பாவும் வாசலில் செருப்பைக் கழற்றினோம்.

அத்தைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஃப்ளெக்ஸ் கடை அண்ணன். ஆவடி மெயின் ரோட்டில் அவருக்குக் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எதற்கும் அவர்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருமுனையில் பேனர் வைத்தாக வேண்டும். நடுவில் படம், மேலே இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு, கீழே சொந்தக்காரர்கள் பெயர், நடுவே ஒரு கவிதை. கவிதைக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அண்ணனுடைய கம்ப்யூட்டரில் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, வயசுப் பையனுக்கு, வயசுப் பெண்ணுக்கு என்று நம்பர் போட்டு ரெடியாக இருக்கும். இட்லிக்கடையில் சொல்வதுபோல நம்பரைச் சொன்னால் போதும்.

இந்த வீட்டுக்கு வயசுப் பெண். அத்தையின் ஒரே மகள். முறைப்படி எனக்கு அண்ணி, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். காலேஜில் இரண்டாம் வருஷம். காய்ச்சல் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் படுத்தவள், அடுத்த செவ்வாய்க்கிழமை இல்லை. அந்த மழைக்காலத்தில் ஊர் முழுக்க அந்தக் காய்ச்சல்தான். எல்லா வீட்டிலும் பப்பாளி இலையை அரைத்துக்கொண்டிருந்தார்கள். பிழைத்தவர்கள் எல்லோரும் பப்பாளி இலையால் பிழைத்ததாகச் சொன்னார்கள். அக்காவுக்கும் அரைத்துத்தான் கொடுத்தார்கள்.

"நம்பர் ஏழு போட்டுட்றேன்கா. 'உதிர்ந்தும் மணக்கும் மல்லிகையே'ன்னு வரும். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார் அண்ணன்.

"எல்லார் ஊட்டு மல்லிகையும் எம்பொண்ணும் ஒண்ணா? அவளே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா. அதத்தான் போடணும். அந்த ஒரு வார்த்த கெடைக்கட்டும்."

மாமா கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "இன்னாமே நீ. ஏழோ எட்டோ போட்டு வுடச் சொல்லு" என்றார் திரும்பாமலே.

"நீ சும்மா இருய்யா."

அத்தை என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்தில் வெளிச்சம்போல ஒன்று வந்தது. செத்த வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "வாடி கண்ணு. நீ ஒம்பதாவதுதானே? தமிழ்ல நீதானே பஸ்ட்டு? இதப் பாத்துச் சொல்லு" என்று போனை என் கையில் வைத்தாள்.

அது அக்கா அனுப்பிய வாட்ஸ்அப். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. அத்தை அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். டீ நேரத்தில் போனைத் திறந்தால் இது இருந்ததாம்.

காலை ரயிலுக்குக் கட்டிய சோற்றுக்குள்
சேலை மணமும் சிறிதுண்டு – நாலுபேர்
அப்படியே கைநீட்டி அள்ளிய பின்னாலும்
டப்பாவில் நிற்பாள் அவள்

"படிச்சிகினே இருக்கேன், மேல 'டைப்பிங்'னு வந்துச்சு. சரி, இன்னும் எழுதறா, வரட்டும்னு பாத்துகினு நிக்கறேன். கொஞ்ச நேரம் வந்துச்சு. நின்னுப்போச்சு. அப்புறம் வரவேயில்ல. பெல் அடிச்சிட்டான், நானும் உள்ள பூட்டேன். சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா இவ கம்பளியப் போத்திகினு கெடக்கறா. நாளைக்குக் கேட்டுக்கலாம், நாளைக்குக் கேட்டுக்கலாம்னு ரசத்த வெச்சிகினு நின்னேன்."

இதை அத்தை அன்றைக்கே பல முறை சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் அது அதன் இடத்தில் உட்கார்ந்து வந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அக்கா போனதில் அழுது முடித்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பதினாலு வயதில் அழுகைக்கு ஒரு அளவு இருக்கிறது, அது தீர்ந்தால் தீர்ந்தது என்று ஒரு எண்ணம். எனக்கு வந்தது வேறு. எங்கள் வகுப்பில் அப்போதுதான் யாப்பு எடுத்திருந்தார்கள். செய்யுளைத் துண்டு துண்டாக வெட்டி இது நேர், இது நிரை என்று பெயர் வைப்பது. குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர், இரண்டு எழுத்து கைகோத்து வந்தால் நிரை. வகுப்பே கொட்டாவி விட்டபோது எனக்கு மட்டும் அது பல்லாங்குழிபோல இருந்தது. பஸ் மேலே எழுதியிருந்த ஊர்ப் பெயரையெல்லாம் அலகிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 'ஆவடி' கூவிளம், 'பூந்தமல்லி' கூவிளங்காய் என்று சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் அண்ணனிடம் பேனா வாங்கி, அவர் கொண்டுவந்திருந்த பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். காலை, நேர் நேர், தேமா. ரயிலுக்குக், நிரை நேர் நேர், புளிமாங்காய். கட்டிய, கூவிளம். சோற்றுக்குள், தேமாங்காய். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்பாகூடப் பார்த்தார். வரிக்கு வரி சரசரவென்று வந்தது. கடைசிச் சொல்லுக்கு வந்தேன். 'அவள்'. நிரை. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எங்கள் மிஸ் இரண்டு அசைக்கும் மூன்று அசைக்கும் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு அதோடு பரீட்சைக்கு நிறுத்தியிருந்தார். ஒற்றை அசைக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கடைசிச் சீர் பாதிதான் அத்தை இருக்கு. மீதி ஒட்டணும். அதுக்கப்புறம் வேற ஒரு சீரும் இருக்கலாம்" என்றேன், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர்போல.

"பாத்தியா! நான் சொன்னனா?" என்று அத்தை மாமாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "படிக்கற புள்ளையே சொல்லுது."

ஃப்ளெக்ஸ் அண்ணன் எழுந்துகொண்டார். "செவ்வாக்கெழம காலைல மேட்டர் வந்தாத்தான்கா பொதங்கெழமைக்குக் கட்ட முடியும்" என்றவர், வாசலில் நின்று திரும்பினார். "'அம்மா'ன்னு இருக்குமோ? டப்பாவில் நிற்பாள் அவள் அம்மா. நல்லாதானே கீது?"

அத்தை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அவ என்ன 'அம்மா'ன்னு கூப்பிட்டதே இல்ல நைனா. 'ம்மோவ்'ன்னுதான் கூப்பிடுவா. தெருமொனலருந்தே கேக்கும்."

அண்ணன் லேசாகச் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு, போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தையின் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கையைப் பிடிப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், பேச ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அத்தை போனை எடுத்து நீட்டுவாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு என்னைப் படிக்கச் சொல்வாள். "உங்களுக்கு இன்னா தோணுது, கடைசில இன்னா எழுத வந்துருப்பா?" என்று கேட்பாள். பரீட்சை லீவு என்பதால் நான் அங்கேயே இருந்தேன். வருகிற வார்த்தையை அலகிட்டு, பொருந்துமா பொருந்தாதா என்று தீர்ப்புச் சொல்கிற பதவி எனக்கு. அதில் எனக்கு இருந்த மிடுக்கை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

மனிதர்கள் பேச்சு என்றால் எனக்கு உயிர். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது சொன்னவர்கள் முகம் மறந்த பிறகும் எனக்குள் இருக்கும். புத்தகத்தில் படித்ததைவிடக் கேட்டுக் கற்றதுதான் அதிகம். அந்தப் பழக்கம் அந்த வாரத்தில் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

டைலர் பாய் வந்தார். பூந்தமல்லிக்காரர். ஸ்டேஷன் ரோட்டில் சின்னக் கடை. அக்காவின் சுடிதார் எல்லாம் அவர் தைத்ததுதான். கண்ணாடியை ஏற்றி, போனைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் படித்தார்.

"'சரியா'ன்னு போட்டு ஒரு கேள்விக்குறி வைங்கம்மா" என்றார்.

"இன்னா பாய், சரியாவா?"

"பாப்பா எது சொன்னாலும் அதத்தாம்மா சொல்லும். கழுத்து ரொம்ப எறக்க வேணாம், சரியா பாய்? கை நீளமா வைங்க, சரியா பாய்? காசு அம்மா ஞாயித்துக்கெழம தருவாங்க, சரியா பாய்? நான் ஒரு வார்த்த பேச முடியாது. எல்லாத்துக்கும் 'சரிம்மா'தான்."

"டப்பாவில் நிற்பாள் அவள், சரியா" என்று அத்தை சொன்னாள். அக்காவின் தலை சாய்வு அப்படியே அத்தையின் தலையில் வந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுதிப் பார்த்தேன். "புளிமா. ஆனா மோனை வராது பாய். வரிக்கு வரி முதல் எழுத்துத் திரும்பி வரணும். காலை–கட்டிய, சேலை–சிறிதுண்டு, அப்படியே–அள்ளிய. இதுல டப்பாவுக்கு 'ட' வரணும், இல்ல அவளுக்கு 'அ' வரணும்."

"நாம துணி வெட்றாப்ல வெட்டுதே புள்ள" என்று பாய் என்னைப் பார்த்து வியந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

'அ'வில் வரவேண்டும் என்று நானும் யோசித்து 'அமுது' என்று ஒன்று கொண்டுவந்தேன். அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "அதெல்லாம் நீ பேசுவ. அவ பேச மாட்டா."

ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்கள் வந்தார்கள். அக்காவோடு தினமும் ரயிலில் ஒரே பெட்டியில் போகிறவர்கள். இரண்டு பேர் ஆவடி, ஒருத்தி பட்டாபிராம், ஒருத்தி திருநின்றவூர். வந்து சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அத்தை போனை நீட்டினாள். நான்கு தலையும் ஒன்றாக அதன்மேல் குனிந்தன. முதல் வரி வரைக்கும் சரியாக இருந்தார்கள். 'நாலுபேர்' என்ற இடத்தில் பட்டாபிராம்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது நாங்கதான் ஆன்ட்டி" என்றாள்.

"எது?"

"நாலு பேரு. அம்பத்தூர் தாண்டறதுக்குள்ள டப்பாவ தொறக்க வெச்சிடுவோம். எங்க ஊட்ல எல்லாம் காலைல ஒண்ணும் செய்ய மாட்டாங்க. உங்க புளி சோறு இருந்தா சண்டையே நடக்கும்."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு பேரும் துன்னா அவளுக்கு இன்னாதான் இருக்கும்?"

பட்டாபிராம்காரி போனை அடுத்தவளிடம் தள்ளினாள்.

"சொல்லுங்கடி. நான் திட்ட மாட்டேன். எம்பொண்ணு இன்னா துன்னா?"

"கேன்டீன்ல எதாவது வாங்கிப்பா ஆன்ட்டி. சில நாளு இல்ல" என்றாள் திருநின்றவூர்ப் பெண். "காலி டப்பாவ உடனே மூடிடுவா. கழுவக் குடுடின்னா தர மாட்டா. 'மூடி வையுங்கடி, உள்ள எங்கம்மா கீறாங்க'ன்னு சொல்வா. நாங்க சிரிப்போம்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நான் இந்தச் செய்தியால் மூன்றாவது வரியின் பொருள் தெளிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தாளில் 'நாலுபேர்' என்பதற்குப் பக்கத்தில் 'தோழிகள்' என்று எழுதிவைத்தேன்.

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். திட்டத்தான் போகிறாளோ என்று அந்தப் பெண்கள் நெளிந்தார்கள். வந்தபோது கையில் தட்டுகள் இருந்தன. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த சாம்பார் சோறு அது. அவர்கள் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். அத்தை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர்கள் வேண்டாம் என்றபோதும் போட்டாள்.

போகும்போது பட்டாபிராம்காரி சொன்னாள்: "அந்த வார்த்த 'மச்சி' ஆன்ட்டி. கண்டிப்பா. எங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்டறதுக்குத்தான் எழுதிருப்பா. 'டப்பாவில் நிற்பாள் அவள், மச்சி'. இப்படித்தான் முடிப்பா."

அதற்கும் மோனை வரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு, அத்தை குளிக்கப் போயிருந்த நேரம், மாமா முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்து வேறு யாரோ மாதிரி இருந்தார். லேத்தில் வேலை செய்த கை, விரல் எல்லாம் கறுத்துத் தடித்திருக்கும். அந்த விரலால் என் தாளைத் தொட்டார்.

"கண்ணு, ஒண்ணு கேட்டா அத்தகிட்ட சொல்ல மாட்டியே?"

"மாட்டேன் மாமா."

"'நைனா'ன்னு வருமா பாரேன். என்ன அப்டித்தான் கூப்பிடுவா."

நான் அலகிட்டேன். நை நேர், னா நேர். "தேமா மாமா. அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா 'டப்பாவில் நிற்பாள் அவள் நைனா'ன்னா அர்த்தம் வரலையே?"

மாமா அந்த வரியின்மேல் விரலை ஓட்டினார். "ஆமாமா. சோறு கட்டினது அவதானே. நான் எங்க வர்றது அதுல" என்றார். சிரித்தார். பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை ஆகிவிட்டது. அடுத்த நாள் காலை மேட்டர் கொடுக்க வேண்டும். வார்த்தை கிடைக்கவில்லை. அத்தைக்குத் தூக்கமே இல்லை என்று அப்பா சொன்னார். "கெடைக்கலன்னா பேனரே வேணாம்னு நிக்கறா. ஊரு இன்னா பேசும்? பொண்ணுக்கு ஒரு பேனர் வெக்கலன்னு பேசாது?" என்று வீட்டில் கவலைப்பட்டார். அந்தக் கவிதையை எப்படியாவது முடித்து அத்தையிடம் கொடுத்துவிட்டால் அவளுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணிடம் போய் அவளுடைய தமிழ்ப் புத்தகத்தை வாங்கிவந்தேன். அடுத்த வருஷப் புத்தகத்தைத் திறப்பதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. கடைசிப் பக்கங்களில் பா வகை என்று ஒரு பாடம். வெண்பா என்ற தலைப்பின் கீழே இருந்ததைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெண்பாவுக்கு மற்ற அடியெல்லாம் நான்கு சீர். கடைசி அடி மட்டும் மூன்று சீர். அந்த மூன்றாவது சீரும் ஓரசையாக நிற்கலாம். அதற்குப் பெயரும் உண்டு. நேர் மட்டும் வந்தால் 'நாள்'. நிரை மட்டும் வந்தால் 'மலர்'.

திரும்ப ஒரு தரம் முழுதாக அலகிட்டேன். ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் நடுவே எது வரவேண்டும், எது வரக்கூடாது என்று அதில் விதி இருந்தது. மாவுக்கு அப்புறம் நிரை. விளத்துக்கும் காய்க்கும் அப்புறம் நேர். அக்கா ஒரு இடத்திலும் தப்பவில்லை. காலை, சேலை, நாலுபேர் என்று எதுகை. அப்படியே, டப்பாவில் என்று இன்னொரு எதுகை. இரண்டாம் வரியின் கடைசியில் தனியாக ஒரு சொல், அதற்கு முன்னால் சின்னக் கோடு. அந்தக் கோட்டைக்கூட அவள் போனில் தேடிப் போட்டிருந்தாள். எதுவும் குறையவில்லை. ரயிலில் நின்றுகொண்டு, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, விரல்விட்டு எண்ணி எண்ணி அவள் அதை முழுசாக முடித்துத்தான் அனுப்பியிருக்கிறாள்.

ஓடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன்.

அத்தை தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மாமாவும் பேனர் விஷயமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "கண்டுபுடிச்சிட்டேன் அத்தை!" என்றேன். பூண்டு கையோடு அத்தை நிமிர்ந்தாள். "இன்னாடி? இன்னா வார்த்த?"

"ஒண்ணுமே இல்ல அத்தை. எதுவும் விட்டுப்போகல. இது வெண்பா. வெண்பாவுக்குக் கடைசி வரி மூணுதான். அக்கா கரெக்டா முடிச்சிருக்கு."

புத்தகத்தைக் காட்டினேன். வரி வரியாக விளக்கினேன். அத்தையின் விரலைப் பிடித்து ஒவ்வொரு சீராகத் தொட வைத்தேன். கடைசியில் 'அவள்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. "இதுக்குப் பேரு மலர்" என்றேன். "இதோட முடியணும்னுதான் விதியே."

"முடிச்சிட்டாளா?" என்றாள் அத்தை.

"ஆமா."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு வாட்டி பாத்தேன்."

"அப்ப அவ சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லிட்டாளா?"

"ஆமா அத்தை. எல்லாம் இதுல இருக்கு. ஒரு தப்புகூட இல்ல."

அப்பா பெருமூச்சு விட்டார். மாமா உடனே போனை எடுத்து, "அப்டியே போட்டுடுப்பா, அதான் கரெக்ட்டாம், படிச்சவங்க சொல்லிட்டாங்க" என்று ஃப்ளெக்ஸ் அண்ணனிடம் சொன்னார். படிச்சவங்க என்றால் நான்தான். அத்தை என்னைப் பாராட்டுவாள் என்று நின்றேன். அவள் பூண்டை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். உரித்த பூண்டையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஈரத் தலையோடு நிற்பதை அப்பாதான் பார்த்துத் துண்டு கொடுத்தார்.

புதன்கிழமை காலை தெருமுனையில் பேனர் கட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. ஊரில் எந்தப் பேனரிலும் இல்லாதபடி அசல் வெண்பா. மூன்று வரி நீளமாக, நான்காவது வரி குட்டையாக, அதற்குப் பக்கத்தில் ஒரு சீர் அளவுக்கு வெள்ளையாக இடம். காரியம் நடந்தது, படையல் போட்டார்கள், பந்தி நடந்தது. யாரும் வார்த்தையைப் பற்றிப் பேசவில்லை. போன் அலமாரியில் கிடந்தது. வந்தவர்கள் அத்தையின் கையைப் பிடித்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், போனார்கள். அத்தை எல்லோருக்கும் தலையாட்டினாள்.

பந்தியெல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகு, ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற பெரியவர் ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார். மழை நாட்களில் அக்கா அவர் ஆட்டோவில்தான் வருவாளாம். சவாரிக்கு வெளியூர் போயிருந்ததால் சாவுக்கு வரமுடியவில்லை என்றார். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"நெஞ்சே ஆறல தங்கச்சி. இப்பதான் மொனைல பேனரப் பாத்தேன். ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காத. பிரிண்ட்டு போட்டவன் கடைசி வரில ஒரு வார்த்தைய முழுங்கிட்டான் போலகீதே?"

எனக்குப் பரபரவென்றது. வெண்பா, ஈற்றடி, மூன்று சீர், மலர் என்று எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. "இல்ல தாத்தா, அது..." என்று தொடங்கினேன்.

அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நன்றாக வலிக்கிற அளவுக்குப் பிடித்தது.

"ஆமா அண்ணாத்தே" என்றாள். "வுட்டுட்டான். நீங்களாவது கவனிச்சிங்களே."

இரண்டு நாளைக்கு முன்னால் விரலைப் பிடித்து ஒவ்வொரு சீராகச் சொல்லிக் கொடுத்தேனே, அதற்குள் மறந்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாடம் ஏறாது போலிருக்கிறது, நாளைக்கு இன்னொரு தரம் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். பெரியவர் உட்கார்ந்ததும், அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, "அவ உங்ககிட்ட இன்னா பேசிகினு வருவா, சொல்லுங்க. இன்னா வார்த்தயா இருக்கும் அது?" என்று கேட்டுவிட்டு, காதோரம் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.